அரை வராகனுக்கு மறு ஏலம்

ராஜபாளையம் தேவஇரக்கத்தை ‘வெள்ளிக் காசு சேர்க்கிறவர்’ என்று யாராவது அறிமுகப்படுத்தினால் அவருக்கு முகம் சுண்டிவிடும். வெள்ளிக் காசை எவரும் சேர்க்கலாம். அடகுக் கடைக்காரர்கூடத்தான் சேர்க்கிறார். தேவஇரக்கம் சேர்ப்பது, பிறந்து நாலு வருஷம் நிலைக்காமல் செத்துப்போன காசுகளை. ஒரு அரசாங்கம் யோசித்து, கூட்டம் போட்டு, அச்சு வெட்டி, வெள்ளியை உருக்கி ஒரு புதுக் காசை வெளியிடும். ஜனங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இது என்னடா எதிலேயும் சேராமல்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். அரசாங்கமும் சத்தம் காட்டாமல் அதைக் கைகழுவிவிடும். அப்படிக் கைகழுவப்பட்ட அற்பாயுசுக் காசுகளுக்கு இந்தப் பக்கத்தில் தாம் ஒருவரே பாதுகாவலர் என்பது அவருடைய துணிபு.

கேட்கிறவர் கிடைத்தால் விடமாட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் ஒருவனை நிறுத்தி வைத்து, இங்கிலாந்தில் நான்கு ஷில்லிங் காசு அடித்த கதையைச் சொல்லியிருக்கிறார். பக்கத்திலேயே ஐந்து ஷில்லிங் காசு ஏறக்குறைய அதே பருமனில் இருந்ததால் கடைக்குக் கடை சண்டை. நான்கே வருஷத்தில் கதை முடிந்தது. அமெரிக்காவில் இருபது சென்ட் காசு; அது இருபத்தைந்து சென்ட் காசின் கூடப்பிறந்த தம்பி மாதிரி இருந்து தொலைத்ததால் அதுவும் நாலு வருஷம் தாண்டவில்லை. சிலிண்டர் பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சார், இன்னும் பதினோரு வீடு இருக்கு” என்றான். தேவஇரக்கம் அவனை மன்னித்தார்.

இந்தக் காசுகள்மேல் அவருக்கு ஏன் இவ்வளவு பாசம் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. பத்தொன்பது வயதில் ஒரு நூற்பாலையில் சேர்ந்து, படிப்படியாக மேஸ்திரி ஆனவர் அவர். ஒரு வருஷம் நிர்வாகத்துக்குத் திடீரென்று ஒரு யோசனை உதித்தது. மேஸ்திரிக்கு மேலே, சூப்பர்வைசருக்குக் கீழே, ‘இடைநிலை மேற்பார்வையாளர்’ என்று ஒரு பதவி. ஆலை முழுவதிலும் அந்தப் பதவி ஒன்றுதான். அதில் அமர்ந்தவர் தேவஇரக்கம். தொழிலாளருக்குக் காக்கிச் சட்டை, அதிகாரிகளுக்கு வெள்ளை. இவருக்கு என்ன நிறம் என்று மூன்று வாரம் ஆலோசித்து வெளிர் நீலம் கொடுத்தார்கள். அந்த நீலச் சட்டையோடு கேன்டீனில் தொழிலாளர் மேசையில் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். அதிகாரிகள் அறைக்குப் போனால், “டோக்கன் எங்க?” என்பார்கள். பதினோரு மாதம் அவர் இரண்டுக்கும் நடுவில் இருந்த படிக்கட்டில் நின்றபடி சாப்பிட்டார். பன்னிரண்டாவது மாதம் மேனேஜர் அழகுராஜா அழைத்தார்.

“தேவஇரக்கம், உங்க மேல ஒரு குறையும் கெடையாது. போஸ்ட்டுதான் சரியா அமையல” என்றார்.

மறுநாள் காக்கிச் சட்டை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரர் வீட்டுக்குப் பால்கோவா வாங்குவதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜரத்தினத்தின் கடைக்குள் நுழைந்தார். அங்கே கல்லா மேசையின் கண்ணாடிக்குக் கீழே பழைய காசுகள் வரிசையாகப் படுத்திருந்தன.

“இது என்ன காசுண்ணே, புதுசா இருக்கு?”

“கம்பெனிக்காரன் மெட்ராஸ்ல அடிச்ச அஞ்சு பணம். வெள்ளி. அடிச்சுக் கொஞ்ச வருஷத்துலயே ரூவா வந்துருச்சு. பொறவு இத யாரு சீண்டுவா?” என்றார் ராஜரத்தினம், தராசில் கோவாவை நிறுத்தபடியே. “கடைசில அண்டாவுக்கும் கொலுசுக்கும் உருக்கிட்டாங்க.”

தேவஇரக்கம் கண்ணாடிமேல் குனிந்தார். பணம், வராகன் என்ற பழைய கணக்குக்கும் புது ரூபாய்க்கும் நடுவில் நின்றபடியே சாப்பிட்ட காசு அது. பால்கோவாவை மறந்துவிட்டு வெளியே வந்தார். அன்று தொடங்கியது.

கம்பெனி வரிசையில் அவருக்கு வேண்டியவை ஐந்து: ஒரு பணம், இரண்டு பணம், ஐந்து பணம், கால் வராகன், அரை வராகன். பதினோரு வருஷத்தில் நான்கு சேர்ந்துவிட்டன. மதுரையில் நாணயக் கண்காட்சி என்றால் முதல் பஸ். ராஜபாளையம் பாத்திரக் கடைகளில் பழைய வெள்ளிக்கு என்ன வந்திருக்கிறது என்று வாரம் ஒரு விசாரணை. காசின் விலையை மனைவி அன்னத்தாயிடம் சொல்வதில் மட்டும் அவர் ஒரு முறையைக் கடைப்பிடித்தார். வீட்டுக்குள் நுழையும்போது செருப்போடு சேர்த்து விலையில் ஒரு பூஜ்யத்தையும் வாசலில் கழற்றி வைத்துவிடுவார்.

“எம்புட்டு?” என்பாள் அன்னத்தாய்.

“நூத்தி எண்பது.”

“இந்தத் துருப்பிடிச்சதுக்கா? உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க.”

வெள்ளி துருப்பிடிக்காது என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொள்வார். பேச்சு வளர்ந்தால் பூஜ்யம் திரும்பி வந்துவிடும்.

மிச்சம் அரை வராகன். உள்ளங்கையில் பாதியை அடைக்கும் பெரிய காசு. ஒரு முகத்தில் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரம், மறுமுகத்தில் பெருமாள். சுற்றிலும் தமிழும் தெலுங்கும். அதன் படத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டு போய், தெலுங்கு பேசும் அழகுராஜாவிடம் வாசித்துக் காட்டச் சொன்னார். அழகுராஜா படத்தைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார். “மாட்லாட ஒச்சு, சதவ ராது” என்றார். பேச வரும், படிக்க வராது. ஊரில் தெலுங்கு பேசுகிறவர்கள் எல்லோரும் நாலு தலைமுறையாக அப்படித்தான்.

ராஜரத்தினத்திடமும் அரை வராகன் இல்லை. ஆனாலும் அந்தக் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமேதான் என்று அவர் சாதிப்பார். “உங்க கோபுரத்துப் பதினோரு நிலை எங்கய்யா இதுல?” என்று தேவஇரக்கம் லென்ஸை வைத்து எண்ணுவார். “வெள்ளைக்காரனுக்கு எண்ணத் தெரியாததுக்கு எங்க கோபுரம் என்ன செய்யும்?” என்பார் ராஜரத்தினம். இரண்டு பேரும் நண்பர்கள். எந்த அளவுக்கு என்றால், அரை வராகன் எங்காவது தட்டுப்பட்டால் மற்றவருக்குத் தெரியாமல் எப்படி வாங்குவது என்று இருவருமே ஒரே மாதிரி யோசித்துவைத்திருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் வன்னியம்பட்டிப் பக்கம், அன்னத்தாயின் பிறந்த ஊர்ச் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பண்டிகையின் பொருளாதாரம் பிடிபடுவது கஷ்டம். விளைந்ததையும் வளர்த்ததையும் ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்து ஆலயத்தில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம். ஒரு எலுமிச்சம்பழம் ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். ஒரு சேவல், அதன் தகுதிக்குச் சம்பந்தமில்லாத விலைக்குப் போகும். எடுத்தவர் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் பாவமில்லை. ஆனால் மதிப்பு வேண்டுமென்றால், எடுத்த கையோடு எழுந்து நின்று, “சபைக்கே!” என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கவேண்டும். பொருள் மறு ஏலத்துக்கு வரும். ஒரே பூசணிக்காய் நாலு தரம் விலை போய், அதற்கப்புறம் அசனம் என்கிற பொதுச் சாப்பாட்டுக்குக் கொதிக்கும் சாம்பாருக்குள் இறங்கிய வருஷங்கள் உண்டு.

அந்த ஊர் மருமகன் என்ற முறையில் தேவஇரக்கம் முப்பது வருஷமாக ஒரு பொருளைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அவருடைய “சபைக்கே!”யில் ஒரு கம்பீரம் இருக்கும். அதைக் கேட்பதற்காகவே அவர் தலையில் பூசணிக்காயைக் கட்டுவார்கள்.

அந்த வருஷம் பண்டிகைக்குப் பால்கோவா அனுப்பிய ராஜரத்தினத்தையும் மரியாதைக்கு அழைத்திருந்தார். கூப்பிட்டதற்காகப் பின்னால் அவர் பட்ட வருத்தம் கொஞ்சமல்ல.

ஆராதனையில் காணிக்கை படைக்கும் நேரம். கறவை மாடு வைத்திருக்கும் மாரிசெல்வி, ஒரு தட்டில் அரிசி குவித்து, நடுவில் ஒரு வெள்ளிக் காசைப் பொதித்துக் கொண்டுவந்து வைத்தாள். கன்று ஈன முடியாமல் இரண்டு நாள் கிடந்த பசு பிழைத்தால் தருவதாக நேர்ந்துகொண்ட பொருத்தனை. கண் டாக்டரிடம் மூன்றாவது வரியைத் தாண்ட முடியாத தேவஇரக்கம், பன்னிரண்டு அடி தூரத்திலிருந்து அந்தக் காசைப் பார்த்தார். கோபுரம். சுற்றிலும் நட்சத்திரம்.

அரை வராகன்.

அதற்குப் பிறகு பிரசங்கம் நாற்பது நிமிஷம் நடந்தது. தேவஇரக்கம் கண்ணை மூடி ஜெபித்தார். இங்கே கூடியிருக்கிற அத்தனை பேருடைய கண்ணையும் ஒரு பத்து நிமிஷம் மட்டும் மறைத்துத் தரவேண்டும், குறிப்பாக ராஜரத்தினத்தின் கண்ணை, என்பதே விண்ணப்பம். பக்கத்தில் இருந்த வேல்பாண்டி, ‘அண்ணாச்சி ரொம்ப உருகிட்டாரு’ என்று நினைத்துக்கொண்டான். வேல்பாண்டி டீக்கடைக்காரன். பந்தல் முழுக்கக் கேட்கும் குரல் அவனுக்கு.

பந்தலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் வாழைத்தாரும் கரும்புக்கட்டும் பூசணியும் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்ததால் ஒரு பக்கத்துக்கு மறுபக்கம் தெரியாது. பெண்கள் விரலைக் காட்டினால், அவர்கள் சார்பில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை வின்சி எழுந்து விலையைச் சொல்லுவாள். ஏலம் விடுவது மைக்செட் கடை பிரேம்குமார். மேடையில் நின்ற அவன் ஒருவனுக்கும், பின்னால் நாற்காலியில் இருந்த பாஸ்டருக்கும் மட்டுமே இரண்டு பக்கமும் தெரியும்.

தேங்காய், முருங்கைக்காய், இரண்டு சேவல், ஒரு சோடிப் புறா எல்லாம் போனபிறகு பிரேம்குமார் காசைத் தூக்கினான். பாஸ்டர் குனிந்து கேட்டார்.

“என்னதுப்பா அது?”

“பழைய காசு ஐயா. கோபுரம் போட்டிருக்கு.”

“அந்தப் பக்கம்?”

பிரேம்குமார் திருப்பினான். கொஞ்சம் தயங்கினான். “பெருமாள் ஐயா.”

பாஸ்டர் கூரையைப் பார்த்தார். “வெள்ளிதான?”

“வெள்ளி ஐயா.”

“சரி, விடு.”

நூறு ரூபாயில் தொடங்கியது. தேவஇரக்கம் முன்பே தீர்மானித்திருந்த முகத்தை அணிந்துகொண்டார். பல் குத்துகிற முகம். ஆசை வெளியே தெரிந்தால் வேடிக்கைக்காகவே ஏற்றிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். இருநூறு என்று யாரோ சொன்னார்கள். கொட்டாவி விட்டபடி முந்நூறு என்றார். காதில் தண்ணீர் போனவர் மாதிரித் தலையைச் சாய்த்து ஐந்நூறு என்றார். கூட்டத்துக்குச் சேவல்மேல் இருந்த உற்சாகம் காசுமேல் இல்லை. இரண்டு இருக்கை தள்ளி ராஜரத்தினம், “கோபுரம்னா சொன்னான்?” என்று சட்டைப் பையில் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணாடி கார் டாஷ்போர்டில் இருந்தது. எழுந்து ஓடினார். விண்ணப்பம் கேட்கப்பட்டதாகவே தேவஇரக்கம் எடுத்துக்கொண்டார்.

“ஆயிரத்து ஐந்நூறு ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! ராஜபாளையம் தேவஇரக்கம் அண்ணாச்சி!”

கூட்டம் கை தட்டியது. கை தட்டல் கேட்டதும் தேவஇரக்கத்தின் கால்கள் எழுந்து நின்றன. நெஞ்சு நிமிர்ந்தது. முப்பது வருஷத்துப் பழக்கம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, அவரைக் கேட்காமலே வாய்க்கு வந்தது.

“சபைக்கே!”

இப்படிக் கணீரென்று அவர் என்றுமே சொன்னதில்லை என்று பிறகு எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தின் எதிரொலி அடங்கிய பிறகுதான், தாம் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு விளங்கியது. பிரேம்குமார் அதற்குள் காசை மறுபடி உயர்த்திப் பிடித்திருந்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு ராஜரத்தினம் பந்தலுக்குள் வந்துகொண்டிருந்தார்.

கொடுத்த கையே திரும்ப ஏலம் கேட்பது அந்தச் சபையில் நடந்தது கிடையாது. அப்படிக் கேட்டால், பத்து வருஷத்துக்கு ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தியில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் பதினோரு வருஷத்து அரை வராகன். தேவஇரக்கம் வேல்பாண்டியின் காதருகே குனிந்தார்.

“வேலு, எனக்காக நீ கேளு.”

“எதுக்கு அண்ணாச்சி? இப்பத்தான குடுத்தீங்க?”

“கேளுன்னா கேளுப்பா!”

“எம்புட்டு வரைக்கும்?”

“நான் தொடைல கிள்ளுற வரைக்கும்.”

ராஜரத்தினம் உட்காராமலே, “ரெண்டாயிரம்!” என்றார். “மூணு!” என்றான் வேல்பாண்டி. அப்போது வாழைத்தாருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வின்சியின் குரல் வந்தது.

“பொம்பளைங்க பக்கம், நாலாயிரம்!”

அந்தப் பக்கத்தில் விரலை உயர்த்தியது யாரென்பதை மூடி மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. அன்னத்தாய். கணவர் “சபைக்கே!” என்று முழங்கியதைக் கேட்டதுமே அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “பாத்தியாட்டி, வாய் முந்திக்கிட்டுப் போயிருச்சு!” என்றாள் வின்சியிடம். அந்தக் காசின் படத்தை அவள் பதினோரு வருஷமாகச் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மதுரையில் ஒரு முறை ஏதோ காசு கை தவறியதற்கே மனுஷன் ஒன்பது நாள் பேசாமல் மோர்ச்சோறு தின்றார். இது போனால்? அதுவும் அந்தப் பால்கோவாக்காரருக்குப் போனால்? அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காசைக் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் காப்பி குடிப்பார். ராஜரத்தினத்தின் குரலோடு வேல்பாண்டியின் குரலும் அதே பக்கத்திலிருந்து வந்ததால், மற்றவர்களை மிரட்டி விலக்க அவர்தான் கூடவே ஆளும் வைத்துக் கேட்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். போனில் அவளுடைய தையல் பணம் முப்பத்தோராயிரம் இருந்தது.

“அந்த மனுஷனுக்கு விடக் கூடாதுட்டி. சொல்லு, ஆறுன்னு” என்றாள்.

எட்டில் ராஜரத்தினம் கொஞ்சம் யோசித்தார். பன்னிரண்டில் நிறுத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். வியாபாரி, மூன்றில் ஒரு பங்கு விலைக்கு மேல் போவதில்லை என்று விரதம் வைத்திருப்பவர். நிறுத்தியவர் சும்மா இருக்கவில்லை. “பொம்பளைங்க பக்கம் யாரு? எங்க ஊரு நகைக்கடைக்காரர் வீட்டம்மா வந்திருக்காங்களோ?” என்று தேவஇரக்கத்தின் காதில் ஊதினார். தேவஇரக்கத்துக்கு அது வேதவாக்காகப் போய்விட்டது. நகைக்கடை! உருக்கிவிடுவார்களே!

“வேலு, விடாத!”

பதினைந்து. பதினாறு. பதினெட்டு. பந்தலில் சேவல்கூடக் கூவவில்லை. பாஸ்டர் மைக்கைக் கையால் மூடினார்.

“ஏய் பிரேமு, அந்தப் பக்கம் அன்னத்தாய்தான?”

“ஆமா ஐயா.”

“இந்தப் பக்கம் வேல்பாண்டி தொடைய யாரு அமுக்கிக்கிட்டு இருக்கா?”

“தேவஇரக்கம் அண்ணாச்சி ஐயா.”

“ரெண்டும் ஒரு வீடுய்யா!”

“தெரியும் ஐயா.”

“பொறவு?”

“கழிப்பறைக்கு டைல்ஸ் ஒட்டணும்னு நீங்கதான ஐயா போன வாரம் சொன்னீங்க.”

பாஸ்டர் மைக்கிலிருந்து கையை எடுக்கச் செத்த நேரம் ஆனது. அந்த நேரத்தில் வின்சி இருபத்தாறு என்று சொல்லிவிட்டாள்.

வேல்பாண்டிக்கு வியர்த்தது. இருபத்தேழாயிரம் என்று சொன்னவன், சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட்டான். “அண்ணாச்சி, நோட்டுல எம்பேரத்தான எழுதுவான்? நாளப்பின்ன என் வீட்டுக்காரி டீக்கடையவே மூடிப்புடுவா. என்னய விட்டுருங்க!”

“இருபத்தேழரை!” என்றாள் வின்சி.

“ஒரு தரம்!” என்றான் பிரேம்குமார்.

தேவஇரக்கம் வேல்பாண்டியின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவன் அசையவில்லை.

“ரெண்டு தரம்!”

கல்யாணப் பந்திகளில் பத்து வருஷத்துச் சிரிப்பு அவர் கண்முன் வந்து போனது. வரட்டும். தேவஇரக்கம் எழுந்து, முன்னால் கிடந்த நாற்காலியைத் தள்ளிவிட்டு, தம் சொந்தக் குரலில் சொன்னார்.

“இருபத்தெட்டாயிரம்!”

பெண்கள் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு வாழைத்தார்க் குவியல் லேசாக ஆடியது. ஒரு பூசணிக்காய் உருண்டு வந்தது. அதன் பின்னால் அன்னத்தாய் வந்தாள்.

“நீங்களா?”

“நீயா?”

பந்தல் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த வின்சி கரும்புக்கட்டில் சாய்ந்துவிட்டாள். அன்னத்தாய் சிரிக்கவில்லை. நேரே மேடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“நான் பால்கோவாக்காரவுககூடச் சண்ட போடுதேன்னு நெனச்சுக்கிட்டு, என் புருஷங்கூடவே போட்டுருக்கேன். அது போகட்டும். ஒண்ணு கேக்கேன், சபை முன்னால சொல்லுங்க. போன காசு நூத்தி எண்பதுன்னு சொன்ன மனுஷன், இதுக்கு இருபத்தெட்டாயிரம் எதுக்குக் கேட்டீங்க? இது நெசமா எம்புட்டு பெறும்?”

பூஜ்யத்தைக் கழற்றி வைக்கத் தேவஇரக்கத்துக்குச் சுற்றிலும் வாசல் எதுவும் தென்படவில்லை. மூன்றாவது நாற்காலியில், விலை தெரிந்த ஒரே ஆளான ராஜரத்தினம், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆவலோடு பார்த்தார். பெண்கள் வரிசையின் ஓரத்தில் மாரிசெல்வி நின்றாள், காலித் தட்டோடு.

“நாப்பதுக்கு மேல போகும்” என்றார்.

“நாப்பது ரூவாயா?”

“நாப்பதாயிரம்.”

சிரிப்பு பட்டென்று நின்றது. மாரிசெல்வி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். “ஆத்தி! எங்க அரிசிப் பானைக்குள்ளல்லா கெடந்துச்சு! அது கெடந்தா அரிசி கொறையாதுன்னு என் மாமியா சொல்லும். அண்ணாச்சி, ஊருக்கு வரப்பல்லாம் காப்பி வேண்டாம் காப்பி வேண்டாம்னு போவீங்களே, ஒரு நாளு சோறு திங்க வந்துருந்தா அப்பமே பாத்துருக்கலாம்லா!”

“நாப்பதாயிரம் பெறுற காச ஆயிரத்து ஐந்நூறுக்கு எடுத்துட்டுப் போகப் பாத்தீங்களா?” என்றாள் அன்னத்தாய். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “கர்த்தர் சன்னிதில? அந்தப் பிள்ள மாட்டுக்காகப் பொருத்தன பண்ணுனதயா?”

தேவஇரக்கத்துக்கு அந்த நேரத்தில் சொல்வதற்கு எத்தனையோ நியாயங்கள் இருந்தன. ஏலம் என்றால் அப்படித்தான், தெரிந்தவன் வாங்குவான். மதுரையில் அவர் தலையில் எத்தனை பேர் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினார். எதுவும் அன்னத்தாயின் முகத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரித் தெரியவில்லை. பிரேம்குமாரின் கையில் காசு இருந்தது. கோபுரம் வெயிலில் ஒரு முறை மின்னியது. வங்கியில், பழைய வண்டியைப் போட்டுவிட்டுப் புது வண்டி எடுக்கச் சேர்த்த பணம் இருந்தது. அவர் இடுப்பு வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

“நாப்பத்திரண்டாயிரம்” என்றார்.

பிரேம்குமார் விழித்தான். “அண்ணாச்சி, இருபத்தெட்டு உங்க பேர்லதான் நிக்கி. உங்களுக்கு எதிரா யாரும் கேக்கலையே.”

“நான் கேக்கேன். எனக்கு எதிரா நானே கேக்கேன். நாப்பத்திரண்டு. விடு ஏலத்த!”

ஏலம் விடுகிறவனுக்குத் தொழில் தர்மம் என்று ஒன்று உண்டு. பிரேம்குமார் மைக்கைச் சரிசெய்துகொண்டு, நாப்பத்திரண்டாயிரம் ஒரு தரம் என்றான். பழக்கதோஷத்தால், போட்டிக்கு வேறு யாராவது உண்டா என்று பந்தலைச் சுற்றிப் பார்த்தான். எல்லோரும் தேவஇரக்கத்தையே பார்த்தார்கள், மறுபடியும் தம்மேலேயே ஏற்றிவிடுவாரோ என்று. ரெண்டு தரம். ராஜரத்தினம் எழுந்து நின்று, தலையை ஆட்டிக்கொண்டார். “யோவ், மார்க்கெட்டையே கெடுத்துட்டீரேய்யா. இனி நான் எங்கய்யா மூணுல ஒரு பங்கு விலைக்கு வாங்குவேன்?”

“மூணு தரம்!”

இந்தத் தடவை கை தட்டல் எழுந்தபோது தேவஇரக்கம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அன்னத்தாய் எதற்கும் இருக்கட்டும் என்று அவர் காலையும் மிதித்துக்கொண்டாள். பிறகு அவளே மேடைக்குப் போய்க் காசை வாங்கினாள். பாஸ்டர் மாரிசெல்வியைக் கூப்பிட்டு, பணத்தில் ஒரு பங்கை மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் போட எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். “பொருத்தனைய திருப்பி எடுக்க மாட்டேன் ஐயா” என்றவள், கொஞ்சம் நின்று, “தகரம் சபை வாங்கிக் குடுத்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன்” என்றாள். அப்படியே முடிவானது. ஆண்கள் கழிப்பறைக்கு மட்டும் டைல்ஸ் அடுத்த வருஷம் என்று தள்ளிவைத்தார்கள்.

அசனச் சாப்பாடு முடிந்து இருவரும் கிளம்பியபோது மணி மூன்றுக்கு மேல். அந்தப் பழைய டி.வி.எஸ். வண்டி நாலு உதையில் கிளம்பியது. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த அன்னத்தாயின் வலது கை முஷ்டிக்குள் அரை வராகன் இருந்தது. வாங்கியதிலிருந்து ஒரு நிமிஷம்கூட அவள் அதைத் திறக்கவில்லை. சாப்பிட்டது இடது கையாலா என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு கிலோமீட்டர் வந்தாயிற்று. மேற்கே மலை கூடவே வந்தது.

“அன்னம், செத்த பாத்துக்கிடட்டா?”

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

“தொடக்கூட மாட்டேன். காட்டினாப் போதும்.”

“கால் வராகன் எம்புட்டு? நெசத்தச் சொல்லுங்க.”

தேவஇரக்கம் ஒரு லாரிக்கு வழிவிட்டார். “பதினொண்ணு.”

“ஆயிரத்து நூறுன்னீங்க.”

“பதினோராயிரம்.”

“அஞ்சு பணம்?”

அதையும் சொன்னார். இரண்டு பணத்தையும் சொன்னார். ஒரு பணத்துக்கு வரும்போது ராஜபாளையம் எல்லை வந்திருந்தது. பஞ்சு மூட்டை ஏற்றிய லாரிகள் எதிரே வரிசையாக வந்தன. பின்னால் அவள் இடது கை விரல்கள் அவர் தோளில் ஒவ்வொன்றாக மடங்கின. அவள் மனசுக்குள் கூட்டுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. கூட்டி முடிக்கட்டும் என்று வேகத்தைக் குறைத்தார்.

“ஓரமா நிறுத்துங்க” என்றாள்.

நிறுத்தினார். இறங்கி, எதிரே வந்து நின்று, அவர் உள்ளங்கையைப் பிடித்து விரித்து, அதில் காசை வைத்தாள். சூடாக, வியர்வையில் நனைந்து இருந்தது.

“சேந்தாச்சுல்ல அஞ்சும்? இனி காசு பாக்க எங்க போனாலும் என்னயும் கூட்டிட்டுப் போகணும்” என்றாள். “உங்களுக்கு விலை கேக்கவும் தெரியல, பேசவும் தெரியல. நானே உங்கள இருபத்தெட்டு வரைக்கும் ஏத்திப்புட்டேன்.”

தேவஇரக்கம் காசைத் திருப்பிப் பார்த்தார். அன்னத்தாய் பக்கத்தில் நெருங்கி வந்து குனிந்து, விரல் நகத்தால் கோபுரத்தின் நிலைகளை அடியிலிருந்து மேலே எண்ணத் தொடங்கினாள்.